அடாப்டர் மாறினாலும் பெடல் பிழைக்க: பிளஸ் மைனஸ் பாதுகாப்பு, படிப்படியாக

கிடார் ஒலியைக் கரகரப்பாக மாற்றும் பழைய டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை வாங்கி வந்த இரண்டாவது வாரம், அதன் அடாப்டரை நண்பர் வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். வீட்டில் கீபோர்டு அடாப்டர் ஒன்று இருந்தது. அதன் முனை பெடலின் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெடல் விளக்கு எரியவில்லை. சில நொடிகளில் ஒரு கருகல் வாடை வந்தது, பிடுங்கிவிட்டேன். மறுநாள் சரியான அடாப்டர் வந்தபோதும் பெடலில் உயிர் இல்லை. மூன்று மாதம் அலமாரியில் கிடந்த அதை, பக்கத்துத் தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்து, பவர் துளைக்குப் பக்கத்திலிருந்த ஒரே ஒரு டயோடை (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்ன உருளை) கத்தரித்து எடுத்தார். பெடல் பாடத் தொடங்கிவிட்டது. "தம்பி, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது ஒண்ணுதான் உனக்காகச் செத்துருக்கு" என்றார்.

அன்று முதல் என் கைக்கு வரும் எந்தப் பெடலையும் முதலில் அந்த இடத்தில்தான் பார்க்கிறேன். அங்கே ஒரு காவல் டயோடு வைப்பது, சால்டரிங் அயன் (ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய வேலை. சால்டரிங் தெரியாதவர்களும் முதல் இரண்டு பகுதிகளைப் படித்துவிடுங்கள். பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்துவிடும்.

முனை பொருந்துவதும் மின்சாரம் பொருந்துவதும் வேறு

இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கிடார் பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. துளையின் அளவு 5.5 க்கு 2.1 மி.மீ. நடு முள்ளில் மைனஸ், வெளி வளையத்தில் பிளஸ். பாஸ் நிறுவனத்தின் பிஎஸ்ஏ வகை அடாப்டர் இப்படித்தான்; மற்றவர்களும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறார்கள்.

ஆனால் வீட்டிலுள்ள மற்ற சாமான்கள் அநேகமாக இதற்கு நேர் எதிர். வைஃபை ரூட்டர், சிசிடிவி கேமரா, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றிலும் பொதுவாக 12 வோல்ட், நடுவில் பிளஸ். யமஹா கீபோர்டுகளின் 12 வோல்ட் அடாப்டரும் நடுவில் பிளஸ்தான். கேசியோவில் இன்னும் குழப்பம்: பழைய ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுவில் மைனஸ், பின்னால் வந்த ஏடி-ஈ95100 வகை 9.5 வோல்ட், நடுவில் பிளஸ். இவற்றில் பலவற்றின் முனை பெடலில் தாராளமாக நுழையும். எல்லாம் ஒரே கறுப்பு நிறம், ஒரே மாதிரி வயர். இருட்டான மேடையில் யாருக்கும் கை தவறும்.

பெடலில் மட்டும் ஏன் மைனஸை நடுவில் வைத்தார்கள்? பேட்டரிதான் காரணம். பெடலின் பவர் துளையில் மூன்று கால்கள் இருக்கும். அடாப்டர் முனை உள்ளே போகும்போது வெளி வளையத்தின் தொடர்பு ஒரு சுவிட்சைப் போல விலகி, பேட்டரியைத் துண்டிக்கும். பேட்டரியின் மைனஸோ ஏற்கெனவே வேறோர் இடத்தில் சுவிட்ச் ஆகிறது: கிடார் கேபிளை உள்ளீட்டுத் துளையில் செருகினால்தான் அது கிரவுண்டோடு, அதாவது சுற்றின் பொதுக் கம்பியோடு, சேரும். அப்படியானால் பவர் துளையின் சுவிட்சுக்கு மீதமிருப்பது பேட்டரியின் பிளஸ். சுவிட்ச் வெளி வளையத்தில் இருப்பதால், பிளஸும் வெளி வளையத்துக்குப் போனது.

முதல் படி: அடாப்டரை அளந்து பாருங்கள்

அடாப்டரின் முதுகில் ஒரு சின்னப் படம் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு பக்கம் திறந்த வளையம். புள்ளியிலிருந்து கிளம்பும் கோடு எந்தக் குறிக்குப் போகிறதோ அதுதான் நடு முனை. பெடலுக்கு அந்தக் கோடு மைனஸில் முடிய வேண்டும். பெடலின் துளைக்கு மேலேயும் இதே படம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

படத்தை மட்டும் நம்பாதீர்கள். மலிவான அடாப்டர்களில் படம் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பல முனைகளை மாற்றி மாட்டும் வகை அடாப்டரில் முனையைத் திருப்பி மாட்டினால் பிளஸ் மைனஸ் மாறிவிடும், அங்கே படத்துக்கு அர்த்தமே இல்லை. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின்சார அளவில் வையுங்கள். சிவப்பு முனையை அடாப்டர் முனையின் நடுத்துளைக்குள் விடுங்கள், கறுப்பு முனையை வெளி உலோகத்தில் தொடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல் கவனம். மீட்டரில் −9 என்று மைனஸ் குறியோடு வந்தால் அது பெடலுக்கான அடாப்டர். குறியில்லாமல் 9 அல்லது 12 என்று வந்தால் நடுவில் பிளஸ். அதைத் தள்ளி வையுங்கள்.

மைனஸ் குறியோடு 12, 13 என்று காட்டினாலும் உஷாராக இருங்கள். பழைய, கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை 9 வோல்ட் அடாப்டர்கள் சுமை இல்லாதபோது அவ்வளவு காட்டும். சாதாரண ஓவர்டிரைவ் பெடல் அதைத் தாங்கிவிடலாம். ஆனால் உள்ளே மேக்ஸ்1044, ஐசிஎல்7660 போன்ற வோல்டேஜ் மாற்றும் சில்லு இருந்தால் அதன் எல்லை 10.5 வோல்ட். பிளஸ் மைனஸ் சரியாக இருந்தும் அது போய்விடும். கீழே சொல்லப்போகும் டயோடு இதிலிருந்து காப்பாற்றாது.

மீட்டர் நேர்மின்சாரத்தில் எதுவுமே காட்டாமல், மாறுமின்சார அளவுக்கு மாற்றியபின் 9 காட்டுகிறதா? அது லைன் 6 நிறுவனத்தின் பழைய டிஎல்4 போன்ற சில பெடல்களுக்கான ஏசி அடாப்டர். அந்தப் பெடலைத் தவிர வேறெதிலும் செருகாதீர்கள்.

அளந்து முடித்ததும் முனைக்குப் பக்கத்தில் வயரில் ஒரு டேப் சுற்றி "பெடல் 9" என்று எழுதிவிடுங்கள். அடாப்டர் உடம்பில் எழுதினால் அது சுவரோரம் போய்விடும். கையில் இருப்பது முனைதான்.

மாறிப் பாய்ந்தால் உள்ளே நடப்பது

பெடலுக்குள் இருக்கும் ஐசி சில்லுகளின் அடித்தளம் எப்போதும் மைனஸோடு கட்டப்பட்டிருக்கும். பிளஸ் மைனஸ் மாறும்போது, மூடியிருக்க வேண்டிய உள் சந்திப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். தடுக்க எதுவும் இல்லாததால் மின்னோட்டம் தாறுமாறாக ஏறி, சில்லு சூடாகிக் கருகும். மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்குள் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. சரியான திசையில் மட்டுமே அது காவல் நிற்கும். திசை மாறினால் அது கரைந்து, உள்ளே வாயு உண்டாகி, கெப்பாசிட்டரின் தலை உப்பிவிடும் அல்லது வெடித்துவிடும்.

"நான் பேட்டரி மட்டும்தான் போடுவேன்" என்று சொல்பவர்களும் தப்பவில்லை. 9 வோல்ட் பேட்டரியை மாட்டும்போது குமிழ்கள் மாறி ஒரு நொடி தொட்டுவிடுவது எல்லோருக்கும் நடக்கும். கேபிள் செருகியிருந்தால் அந்த ஒரு நொடி போதும். அதனால் பேட்டரி மாற்றும்போது கேபிளைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம்.

மூன்று வழிகள், எது நல்லது

டயோடு என்பது ஒருவழிப் பாதை. கோடு போட்ட பக்கம் நோக்கி மின்சாரம் போகும், திரும்பி வராது. இதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள்.

முதல் விதத்தில் டயோடு பாதைக்குக் குறுக்கே, பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் நிற்கும். கோடு பிளஸ் பக்கம். சாதாரண நேரத்தில் அது சும்மா இருக்கும். மின்சாரம் மாறி வந்தால் அது திறந்து, முழு ஓட்டத்தையும் தன் வழியாகக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும். பெடலுக்குள் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் மட்டுமே போகும். வோல்டேஜ் இழப்பு இல்லை என்பதால் எத்தனையோ கம்பெனிப் பெடல்களில் இதுதான் இருக்கிறது.

எனக்கு இந்த முறை பிடிக்காது. அடாப்டர் 100 மில்லிஆம்பியர் தரும் சின்ன வகையாக இருந்த காலத்தில் இது சரி, அடாப்டர் மூச்சுத்திணறி நின்றுவிடும். இன்று ரூட்டர் அடாப்டரே 1 ஆம்பியர், 2 ஆம்பியர் தருகிறது. இந்த இடத்தில் வழக்கமாகப் போடும் 1என்4001 டயோடின் எல்லை தொடர்ந்து 1 ஆம்பியர்தான். அது வெந்துபோகும். வெந்த டயோடு உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் பெடல் பிழைக்கும், டயோடை மாற்றினால் போதும். என் பெடலுக்கு நடந்தது அதுதான். வெந்த டயோடு அறுந்து திறந்துகொண்டால் அடுத்த நொடியே மின்சாரம் சில்லுக்குள் பாயும். எது நடக்கும் என்பது நம் கையில் இல்லை.

இதோடு வரிசையில், ஓட்டத்தை மட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் சிலர் வைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9 வோல்ட் மாறி வந்தால் அதன் வழியே சுமார் 83 மில்லிஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் ஏறும் சூடு கிட்டத்தட்ட 0.7 வாட். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது, கருகும். டயோடுக்குப் பதில் ரெசிஸ்டர் பலியாகிறது, அவ்வளவுதான். ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் தானாக மீளும் பாலிஃபியூஸ் வைத்தால் இந்த முறை உருப்படும்.

இரண்டாவது விதத்தில் டயோடு பாதையிலேயே, பிளஸ் வயருக்கு நடுவில் வரிசையாக நிற்கும். மின்சாரம் மாறி வந்தால் கதவு மூடியே இருக்கும். ஒன்றும் சூடாகாது, ஒன்றும் கருகாது. பெடல் வேலை செய்யாது, அவ்வளவே. ஒரு மணி நேரம் அப்படியே விட்டாலும் கவலை இல்லை. குறை ஒன்றுதான்: சாதாரண சிலிக்கான் டயோடு 0.6, 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். அதற்குத்தான் ஷாட்கி வகை 1என்5817 இருக்கிறது. பெடலுக்குத் தேவைப்படும் சொற்ப ஓட்டத்தில் அது தின்பது 0.2 வோல்ட் அளவில்தான். புது பேட்டரிக்கும் பாதி தீர்ந்த பேட்டரிக்கும் இருக்கும் வித்தியாசம் அதைவிட அதிகம். என் காதுக்கு இதுவரை எந்த மாற்றமும் கேட்டதில்லை. புதிதாக வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும். 5817 இல்லையென்றால் 5818, 5819 வாங்கலாம். தாங்கும் வோல்டேஜ் முறையே 20, 30, 40.

மூன்றாவது வழி பி-சேனல் மாஸ்ஃபெட், சுவிட்சைப் போல வேலை செய்யும் ஒரு வகை டிரான்சிஸ்டர். இழப்பு அநேகமாக இல்லவே இல்லை. பெட்டிக்குள் இடம் இருந்தால் ஐஆர்எஃப்9540 போதும். எழுத்து நம்மைப் பார்க்க வைத்தால் கால்கள் இடமிருந்து வலமாக கேட், டிரெயின், சோர்ஸ். அடாப்டரின் பிளஸ் டிரெயினுக்கு, பெடல் போர்டின் பிளஸ் சோர்ஸுக்கு, கேட்டிலிருந்து 100 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு. டிரெயினும் சோர்ஸும் மாறிவிட்டால் உள்ளே இருக்கும் டயோடு எதிர்த்திசையில் திறந்து, பாதுகாப்பே இல்லாமல் போகும். அதன் உலோக முதுகும் டிரெயின்தான். பெட்டியின் சுவரில் பட்டால் பிளஸ் நேராகக் கிரவுண்டில் முட்டும். 18 வோல்ட் பெடலானால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 12 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றைக் கோடு சோர்ஸ் பக்கம் இருக்கும்படி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பெடல் கட்டிப் பழகியவர்களுக்கு இது சரி. முதல் முயற்சியில் வேண்டாம்.

டயோடு வைக்கும் வேலை

தேவை: 1என்5817 ஒன்று, சால்டரிங் அயன், ஈயம், வயர் வெட்டி, சூடு பட்டால் சுருங்கும் ஸ்லீவ் கொஞ்சம், மல்டிமீட்டர், சோதனைக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டரும் 9 வோல்ட் பேட்டரியும். வயரை வெட்டுவதற்கு முன் கீழே உள்ள சோதனைப் பகுதியைப் படித்து, டயோடை மேசையில் சோதித்துவிடுங்கள்.

பெடலிலிருந்து கேபிள், அடாப்டர், பேட்டரி மூன்றையும் கழற்றுங்கள். அடித் தகட்டைத் திறந்து, எதையும் தொடுவதற்கு முன் போனில் இரண்டு படம் எடுங்கள். பிறகு வயர் நிறத்தில் சந்தேகம் வந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

முதலில் ஏற்கெனவே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று பாருங்கள். பவர் துளையின் பிளஸ் காலிலிருந்து போர்டுக்குப் போகும் பாதையைக் கண்ணால் தொடருங்கள். வழியில் ஒரு கறுப்பு டயோடு வரிசையாக நின்றால் உங்களுக்கு வேலையே இல்லை, மூடிவிடலாம். ஒரு கால் பிளஸிலும் மறு கால் கிரவுண்டிலும் இருந்தால் குறுக்கு வகை. அதை எடுக்க வேண்டாம், அது இருக்கட்டும். முன்னால் நம்முடையதைச் சேர்ப்போம்.

கால்களை அடையாளம் காண மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். உள்ளீட்டுத் துளையின் வெளி உலோகத்தோடு பீப் அடிக்கும் பவர் கால் கிரவுண்டு, அதாவது நடு முள். பேட்டரி கிளிப்பின் சிவப்பு வயர் வந்து சேரும் கால் சுவிட்ச். மீதமுள்ள கால் வெளி வளையம். அதிலிருந்துதான் பிளஸ் வயர் போர்டுக்குப் போகும். நம் டயோடு இந்த வயரில் உட்கார வேண்டும். இந்த இடத்தில் வைத்தால் அடாப்டர் மாறினாலும் பேட்டரி மாறினாலும் இரண்டுக்கும் காவல்.

அந்த வயரை நடுவில் வெட்டுங்கள். இரு முனைகளிலும் அரை சென்டிமீட்டர் உறையை நீக்கி, ஈயம் பூசிவையுங்கள். ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு கோக்க முடியாது. டயோடின் கால்களைச் சிறிதாக வெட்டி, கோடு போட்ட பக்கம் போர்டைப் பார்க்கும்படி பற்றவையுங்கள். கோடு போர்டு பக்கம்: இதை மட்டும் இரண்டு முறை பாருங்கள். திருப்பி வைத்தாலும் எதுவும் கெடாது, பெடல் வேலை செய்யாது, அவ்வளவுதான். ஸ்லீவை முழு டயோடையும் மூடும்படி இழுத்துச் சுருக்குங்கள். திறந்த கால் பெட்டியில் பட்டால் ஷார்ட்.

சோதனை

பலரும் தடுமாறுவது இங்கேதான். மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து, டயோடின் மறுபக்கம் மீட்டர் வைத்துப் பார்த்து, "வோல்டேஜ் அப்படியே வருகிறதே, டயோடு வேலை செய்யவில்லை" என்று பயந்துவிடுவார்கள். ஷாட்கி டயோடில் மிகச் சொற்பமாகக் கசிவு உண்டு. மல்டிமீட்டர் இழுக்கும் ஓட்டமோ அதைவிடக் குறைவு. அதனால் வேறு சுமை இல்லாமல் அளந்தால் கசிவே முழு வோல்டேஜாகத் தெரியும்.

ஆகவே பெடலில் வைப்பதற்கு முன் மேசையில் சோதியுங்கள். டயோடின் கோடு பக்கத்துக் காலோடு 1 கிலோஓம் ரெசிஸ்டரைச் சேருங்கள். பேட்டரியின் பிளஸை டயோடின் மறு காலிலும், மைனஸை ரெசிஸ்டரின் மறு முனையிலும் தொடுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே கிட்டத்தட்ட 8.8 வோல்ட் தெரியும், பேட்டரி புதிதானால் இன்னும் கொஞ்சம் கூட. பேட்டரியைத் திருப்புங்கள், இப்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சில மில்லிவோல்ட் மட்டுமே தெரிய வேண்டும். தேறிய டயோடைப் பெடலில் வையுங்கள்.

வைத்த பிறகு சரியான அடாப்டரைச் செருகி, போர்டின் பிளஸில் 8.7 முதல் 8.9 வரை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூடிவிட்டு வாசியுங்கள்.

கிரவுண்டில் பிளஸ் இருக்கும் பெடல்கள்

1966ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் தொடக்க வகைகளில் ஜெர்மேனியம் பிஎன்பி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டு. அதே சுற்றைப் பின்பற்றிக் கட்டப்படும் ஃபஸ் பெடல்கள் இன்றும் நிறைய வருகின்றன. இவற்றில் டயோடு மைனஸ் வயரில், கோடு பவர் துளையைப் பார்த்து நிற்க வேண்டும். மேலே சொன்னதை அப்படியே செய்தால் பெடல் வேலை செய்யாது.

டயோடை எப்படி வைத்தாலும் தீராத ஆபத்து ஒன்றும் இதில் இருக்கிறது. ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயர் போட்டு நாலைந்து பெடல்களுக்குக் கொடுப்போமே, அந்தக் கிளையில் இந்தப் பெடலையும் சேர்த்தால், மற்றப் பெடல்களின் கிரவுண்டு அடாப்டரின் மைனஸ், இதன் கிரவுண்டு அடாப்டரின் பிளஸ். கிடார் கேபிளின் வெளிக்கம்பி இரண்டு கிரவுண்டையும் சேர்த்துவிடும். அடாப்டரின் பிளஸும் மைனஸும் கேபிள் வழியே முட்டிக்கொள்ளும். துளைக்கு மேல் வழக்கமான மைனஸ் நடுப் படமே போட்டிருந்தாலும் இது நடக்கும். ஜெர்மேனியம் ஃபஸ் என்று தெரிந்தால் அதற்குத் தனி அடாப்டர், அல்லது ஒவ்வொரு வெளியீடும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐசொலேட்டட் பவர் சப்ளை, அல்லது பேட்டரி. நான் பேட்டரியே போடுகிறேன். இந்த வகைப் பெடல் குடிக்கும் ஓட்டம் மிகக் குறைவு, மாதக்கணக்கில் வரும்.

ஏற்கெனவே செத்துவிட்ட பெடல்

தூக்கிப்போட வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மீட்டரைப் பீப்பில் வைத்து, பவர் துளையின் பிளஸ் காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் இடையே பாருங்கள். விடாமல் பீப் அடித்தால் மகிழ்ச்சியான செய்தி: பெரும்பாலும் குறுக்கு டயோடு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. துளைக்குப் பக்கத்தில் கோடு போட்ட கறுப்பு உருளையைத் தேடி, ஒரு காலை மட்டும் உருக்கித் தூக்குங்கள். பீப் நின்றால் குற்றவாளி அதுதான். புது 1என்4001 அல்லது 4007 போட்டு, முன்னால் வரிசையில் ஒரு 5817ம் சேர்த்துவிடுங்கள்.

பீப் நிற்கவில்லையென்றால் தலை உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பாவிட்டாலும், பவர் பாதையில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டரை மாற்றிவிடுவது நல்லது. திருப்பி அடிவாங்கியது அதிக நாள் உழைக்காது. அடுத்து ஐசி. சாக்கெட்டில் இருந்தால் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். போர்டில் பற்றவைத்திருந்தால் மின்சாரம் கொடுத்து ஓரிரு நொடியில் விரலால் தொட்டுப் பாருங்கள், கெட்ட சில்லு சுடும். 4558, டிஎல்072 போன்ற சில்லுகள் எளிதாகக் கிடைக்கும். மாற்றும்போது நேராகப் பற்றவைக்காமல் எட்டுக்கால் சாக்கெட் வைத்து, அதில் செருகுங்கள். சில்லின் ஒரு முனையில் நடுவில் இருக்கும் அரை வட்ட வெட்டு, பழைய சில்லில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வர வேண்டும். அதற்கும் முதலில் எடுத்த போன் படம் உதவும்.